எண்பத்திரண்டு கோல்களும் ஒரு கோலும்

2008 செப்டம்பர் 6. லாட்வியாவில் லியபாயா என்ற கடற்கரை நகரம். வான்கூவர் ஒலிம்பிக்கிற்கான பெண்கள் ஐஸ் ஹாக்கி முன்தகுதிச் சுற்று. ஸ்லோவாக்கியா 82, பல்கேரியா 0.

அச்சுப்பிழை இல்லை. எண்பத்திரண்டு. ஐஸ் ஹாக்கி ஆட்டம் 60 நிமிடம். கணக்குப் போட்டால் 44 விநாடிக்கு ஒரு கோல். ஸ்லோவாக்கியப் பெண்கள் கோலை நோக்கி அடித்தது மொத்தம் 139 முறை. அதாவது பல்கேரியாவின் கோல் கீப்பர் 26 விநாடிக்கு ஒருமுறை ஒரு ரப்பர் வட்டு தன்னை நோக்கிப் பறந்து வருவதைப் பார்த்திருக்கிறார். அந்தச் சுற்றில் பல்கேரியா ஆடிய 4 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 192. போட்டது 1. அந்த ஒன்று குரோஷியாவுக்கு எதிராக; அந்த ஆட்டம் 30–1.

இந்த எண்களைச் சொன்னால் யாராக இருந்தாலும் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி மிஞ்சும். ஸ்லோவாக்கியா எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்? 20இலா? 50இலா? இல்லை, நிறுத்தாமல் ஆடியதுதான் சரியா? கொஞ்சம் தள்ளி நின்று கேட்டால் கேள்வி இன்னும் பெரிதாகிறது. இவ்வளவு இடைவெளி உள்ள இரண்டு நாடுகளை ஒரே தளத்தில் நிறுத்தியதே தப்பா?

*

ஐஸ் ஹாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. வெளியே 33 பாகை வெயில் அடிக்கும் சன்வேயில், பிரமிட் பேரங்காடியின் கீழ்த்தளத்தில் பல வருஷமாக ஒரு பனித்தளம் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த பலர் பள்ளி விடுமுறையில் அங்கே ஒருமுறையாவது சறுக்கி விழுந்திருப்பார்கள். மலேசியா 2006இல் அனைத்துலக ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் சேர்ந்தது. 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில்தான் குளிர்கால விளையாட்டுகள் அந்தப் போட்டியின் வரலாற்றில் முதல்முறை இடம்பெற்றன. டாமன்சாரா பெர்டானாவின் எம்பயர் சிட்டியில் 5 நாடுகள் ஐஸ் ஹாக்கி ஆடின. பிலிப்பைன்ஸுக்குத் தங்கம், தாய்லாந்துக்கு வெள்ளி, நமக்கு வெண்கலம். ஐந்தில் எந்த நாட்டின் நகரத்திலும் பனி பெய்வதில்லை.

ஒரு பொறியாளனாக எனக்கு இதில் முதலில் தோன்றுவது மின்கட்டணம்தான். நம்ம ஊர் ஈரக் காற்றுக்கு அடியில் தண்ணீரை உறைநிலைக்குக் கீழே இராப்பகலாக வைத்திருக்க வேண்டும். குளிரூட்டும் இயந்திரம் ஓட வேண்டும், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்ச வேண்டும். அந்தச் செலவைப் பொதுமக்களின் நுழைவுச்சீட்டுதான் ஈடுகட்டுகிறது. ஆகவே ஹாக்கி ஆடுபவர்களுக்குக் கிடைப்பது மற்றவர்கள் சறுக்கியது போக மிஞ்சிய நேரம். கனடாவில் ஒரு சிறுவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளம் உறைந்ததும் இலவசமாக ஆடத் தொடங்குகிறான். இரண்டு நாடுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பாதியை இதிலேயே பார்த்துவிடலாம். திறமை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

இப்படிப்பட்ட நாடுகளையும் கூட்டமைப்பு உள்ளே சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. இன்று அதில் 80க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். ஆண்கள் உலகப் போட்டியின் உச்சப் பிரிவு 1998இல் 12 அணிகளிலிருந்து 16 ஆனது. அதற்குக் கீழே முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, 2003இல் மூன்றாம் பிரிவு, 2020இல் நான்காம் பிரிவு. மலேசியா இந்த ஏணியின் அடிப்பகுதியில் நிற்கிறது.

கதவு திறந்த ஒவ்வொரு முறையும் ஒரு பயங்கரமான எண் உள்ளே வந்திருக்கிறது. 1924 ஷமோனி ஒலிம்பிக்கில் கனடா சுவிட்சர்லாந்தை 33–0 என்று வென்றது. 1949 உலகப் போட்டியில் அதே கனடா டென்மார்க்கை 47–0. 1987இல் பெர்த்தில் ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 58–0. 1998இல் 18 வயதுக்குட்பட்டோருக்கான ஆசிய-ஓசியானியப் போட்டியில் தென் கொரியா தாய்லாந்தை 92–0. ஸ்லோவாக்கியாவின் 82கூட உச்சம் இல்லை.

இந்த எண்களைப் பார்த்துக் கூசுகிறவர்கள் வழக்கமாக மூன்று வழி சொல்கிறார்கள். பலமுள்ளவன் இரக்கம் காட்டட்டும் என்பது ஒன்று. பலமில்லாதவன் வராமலே இருக்கட்டும் என்பது இன்னொன்று. மூன்றாவதை யாரும் வாயால் சொல்வதில்லை, செய்துவிடுகிறார்கள்: இடைவெளியே இல்லாத மாதிரி காட்டுவது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

*

இரக்கம் பற்றிப் பேசும்போது தமிழனுக்குக் கம்பன் ஞாபகத்துக்கு வராமல் போக மாட்டான். முதல்நாள் போரில் ஆயுதம் எல்லாம் இழந்து வெறுங்கையோடு நிற்கும் இராவணனை, போய்விட்டு மறுநாள் வா என்று இராமன் அனுப்பிவைக்கிறான். கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களில் இதைக் கருணைக்கு உதாரணமாகச் சொல்லிக் கைதட்டு வாங்காத பேச்சாளர் இல்லை. ஆனால் கம்பன் அங்கே நிறுத்தவில்லை. இலங்கைக்குத் திரும்பும் இராவணன் பின்னாலேயே போகிறான். அரண்மனையில் இராவணன் குன்றிப்போய் உட்கார்ந்திருக்கிறான். தேவர்கள் சிரிப்பார்களே என்பதல்ல அவனுடைய வேதனை, சீதை சிரிப்பாளே என்பதுதான். தோல்வியைவிட, விட்டு அனுப்பப்பட்டது அவனை அதிகம் தின்கிறது. இரக்கம் அதைப் பெறுகிறவனை என்ன செய்யும் என்று கம்பனுக்குத் தெரிந்திருக்கிறது.

விளையாட்டில் இது இன்னும் சிக்கலாகிறது. தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட ஒரு நூலில் விளையாட்டு என்றால் என்ன என்று வரையறுக்க முயன்றார். சுருக்கமாக அவர் சொல்வது: தேவையே இல்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்றுக்கொண்டு, அவற்றைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு. இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால், எதிராளி என்பவர் நாம் விரும்பி ஏற்றுக்கொண்ட தடை. அவர் பாவம் பார்த்து ஒதுங்கி நின்றால் நாம் எதையும் தாண்டவில்லை. நமக்கு ஒரு கோல் கிடைக்கலாம். விளையாட்டு கிடைக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2024 ஜனவரி 25, தைப்பூசம். பத்துமலையிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். நெற்றியில் திருநீறு, காலில் வலி, சுவரில் பெரிய திரை. கத்தாரில் ஆசியக் கிண்ணப் போட்டி, மலேசியாவும் தென் கொரியாவும். ஆசியக் கிண்ணம் 2019இலிருந்து 16 அணிகளிலிருந்து 24ஆக விரிந்தது. விரிந்ததால்தான் நாம் உள்ளே வந்தோம் என்று சொல்பவர்கள் உண்டு. தகுதிச் சுற்றில் ஆடி நாம் உள்ளே போனது 42 ஆண்டுகளுக்குப் பிறகு. ஜோர்டானிடம் 4–0, பஹ்ரேனிடம் 1–0 என்று தோற்று ஏற்கனவே வெளியேறியாகிவிட்டது. உலகத் தரவரிசையில் கொரியா 23, நாம் 130.

ஆட்டம் 3–3. கூடுதல் நேரத்தின் 15வது நிமிடம், அதாவது 105வது நிமிடத்தில் ரொமெல் மொராலஸ் சமன் செய்தார். கடையே எழுந்து நின்றது. தே தாரிக் கொட்டியதை யாரும் பார்க்கவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு பையன் கைப்பேசியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வேணும்னே விட்டுட்டானுங்களாம். ஜெயிச்சிருந்தா அடுத்த ரவுண்டுல ஜப்பானோட மோதணுமாம். கோச்சு சிரிக்கிறாரு பாரு."

உண்மையில் அப்போது கொரியாவின் பயிற்றுநர் கிளின்ஸ்மான் சிரித்தது திரையில் தெரிந்தது. பிறகு அது கொரியாவிலேயே பெரிய சர்ச்சையானது. ஜப்பானைத் தவிர்க்க நினைத்தோம் என்பதை அவர் மறுத்தார்.

எங்களோடு உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர், 50 வயதிருக்கும், அந்தப் பையனை விடவில்லை. "டேய் தம்பி, அந்த ஃபோன கீழ வை. சோன் மூஞ்சியப் பாத்தியா? அது விட்டுக்கொடுக்கிறவன் மூஞ்சியாடா? நாம அடிச்சோம். அவனுங்க தடுத்துப் பாத்தானுங்க, முடியல. அவ்ளோதான்."

அவர் குரலில் இருந்தது கோபம் மாதிரித் தெரிந்தாலும் பயம் என்றுதான் நினைக்கிறேன். கொரியா விட்டுக்கொடுத்திருந்தால் அந்த 3–3 நம்முடையது இல்லை. பலமுள்ளவன் முழுபலத்தோடு ஆடினான் என்ற நம்பிக்கை மட்டும்தான் பலமில்லாதவனின் ஒரு கோலுக்கு மதிப்புக் கொடுக்கிறது. இரக்கம் வந்துவிட்டது என்ற சந்தேகம் போதும், 105வது நிமிடமும் பிச்சையாகிவிடும்.

நிக்கலஸ் டிக்சன் என்ற தத்துவப் பேராசிரியர் 1992இல் ஒரு கட்டுரை எழுதினார். ஏற்கனவே வென்றுவிட்ட ஆட்டத்தில் தொடர்ந்து கோல்களைக் குவிப்பது தன்னளவில் விளையாட்டுப் பண்புக்கு விரோதமானது அல்ல என்பது அவர் வாதம். நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். முழுதாக ஆடுவது வேறு, கிண்டல் செய்வது வேறு. 60வது கோலுக்கும் முதல் கோலைப் போலக் கூத்தாடுவது கிண்டல். மாற்று ஆட்டக்காரர்களை இறக்கி, அவர்களை முழுமூச்சாக ஆடவிடுவது மரியாதை. அவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள்தானே. ஆனால் வேண்டுமென்றே வெளியே அடிப்பது பொய். எதிரே நிற்கும் பெண்ணிடம் 'நீ என் எதிராளி இல்லை' என்று சொல்லாமல் சொல்வது அது.

*

இரண்டாவது வழி கதவைச் சாத்துவது. இதற்கு ஆதரவாகப் பேசியவர் சாதாரண ஆள் இல்லை. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கின்போது, அப்போதைய அனைத்துலக ஒலிம்பிக் குழுத் தலைவர் ஜாக் ரோக், பெண்கள் ஐஸ் ஹாக்கியில் நாடுகளுக்கிடையே இடைவெளி அதிகம், முன்னேற்றம் இல்லாமல் இப்படியே தொடர முடியாது என்ற பொருளில் எச்சரித்தார். அவருக்குக் காரணம் இருந்தது. முதல் நாளிலேயே கனடா 18–0 என்று ஒரு நாட்டை வென்றிருந்தது.

அந்த நாடு எது? ஸ்லோவாக்கியா. பதினேழே மாதங்களுக்கு முன் பல்கேரியாவின் மேல் 82 கோல் குவித்த அதே ஸ்லோவாக்கியா.

இந்த ஒரு தகவல்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பல்கேரியாவுக்கு ஸ்லோவாக்கியா எட்டாத மலை. கனடாவுக்கு ஸ்லோவாக்கியா ஒரு பல்கேரியா. தாய்லாந்துச் சிறுவர்களை 92–0 என்று வென்ற தென் கொரியா, சரியாக 20 வருஷம் கழித்து 2018இல் தன் சொந்த மண்ணில் நடந்த ஒலிம்பிக்கில் ஆண்கள் ஐஸ் ஹாக்கியில் 4 ஆட்டமும் தோற்றது. அதே ஆண்டு உலகப் போட்டியின் உச்சப் பிரிவில் 7 ஆட்டமும் தோற்றுக் கீழே இறங்கியது. இடைவெளி அதிகமானவர்களை வெளியே அனுப்பு என்று ஆரம்பித்தால், கோட்டை எங்கே போடுவது? எங்கே போட்டாலும் அதற்கு மேலே இருப்பவருக்கு அது தாழ்வாகத்தான் தெரியும். பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்ந்த 1998இலிருந்து 2022 வரை தங்கம் வென்ற நாடுகள் இரண்டுதான், கனடாவும் அமெரிக்காவும். ரோக்கின் தர்க்கத்தைக் கடைசிவரை கொண்டுபோனால் இரண்டு நாடுகள் மட்டும் ஆடும் ஒலிம்பிக்தான் மிஞ்சும். 2006இல் அரையிறுதியில் அமெரிக்காவைத் தோற்கடித்த ஸ்வீடனும் அதில் இருக்காது.

ஒலிம்பிக் குழு கடைசியில் கதவைச் சாத்தவில்லை. 2022 பெய்ஜிங்கில் பெண்கள் அணிகள் 8லிருந்து 10 ஆயின.

இடைவெளி பிறவிக்குணம் இல்லை என்பதற்கு வெளியூர் உதாரணம் எதற்கு? 1980இல் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மலேசியா தென் கொரியாவை 2–1 என்று வென்றது. 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காத்த அணி அது. 2016இல் வந்த 'ஓலா போலா' படத்தைப் பார்த்து அழுதவர்களுக்கு அந்தக் கதை தெரியும். அன்றைக்கு யாராவது ஒரு கொரியர், 'மலேசியாவுக்கும் நமக்கும் இடைவெளி அதிகம்' என்று கவலைப்பட்டிருக்கலாம். பிறகு அவர்கள் லீக் கட்டினார்கள், பள்ளிகளில் பயிற்சி கொடுத்தார்கள், உலகக் கிண்ணத்துக்குப் போனார்கள். 2007இல் ஆசியக் கிண்ணத்தை நடத்தும் நாடுகளில் ஒன்றாக நேரடியாக இடம் பெற்ற நாமோ புக்கிட் ஜாலிலில் சீனாவிடம் 5–1, உஸ்பெகிஸ்தானிடம் 5–0, ஈரானிடம் 2–0 வாங்கினோம். இடைவெளி நகரும். நம் விஷயத்தில் பின்னால் நகர்ந்தது.

*

மூன்றாவது வழியைப் பற்றிப் பேசுவதற்கு முன் என் வேலையிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுமானத் தளத்தில் கான்கிரீட் ஊற்றும்போது, அதே கலவையிலிருந்து கொஞ்சம் எடுத்து 150 மில்லிமீட்டர் அச்சில் கட்டிகளாக வார்த்து வைப்போம். 7வது நாளும் 28வது நாளும் அவற்றை இயந்திரத்தில் வைத்து நொறுங்கும்வரை அழுத்துவார்கள். கியூப் டெஸ்ட். கட்டி நொறுங்கத்தான் செய்யும். எந்த எண்ணில் நொறுங்கியது என்பதுதான் கேள்வி. எண் குறைவாக வந்தால் தளத்தில் எல்லாருக்கும் தலைவலி. ஆகவே எந்தத் தளத்திலும் ஒரு ஆசை உலவிக்கொண்டே இருக்கும்: வேறொரு நல்ல கலவையிலிருந்து கட்டி வார்த்து அனுப்பிவிட்டால் என்ன? தாளில் எண் சரியாக வரும். தூணில் இருக்கும் கான்கிரீட் அப்படியேதான் இருக்கும்.

2025 ஜூன் 10, புக்கிட் ஜாலில். 2027 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று. மலேசியா வியட்நாமை 4–0 என்று வென்றது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வியட்நாம் ஆசியான் கிண்ணத்தை வென்றிருந்தது. இடைவெளி ஒரே இரவில் தலைகீழானது. செப்டம்பர் 26 அன்று ஃபிஃபா தீர்ப்பு வெளியிட்டது. வெளிநாட்டில் பிறந்த 7 ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டும் ஆவணங்கள் போலி. அசல் பதிவுகளின்படி அவர்கள் பிறந்தது அர்ஜெண்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நாடுகளில். ஏழு பேருக்கும் 12 மாதத் தடை. மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். சங்கம் அதைத் தொழில்நுட்பப் பிழை என்றது. நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் தண்டனையை உறுதி செய்தது.

வெளிநாட்டில் பிறந்தவர்கள் ஆடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 105வது நிமிடத்தில் கோல் போட்ட மொராலஸ் கொலம்பியாவில் பிறந்தவர். பல வருஷம் மலேசிய லீக்கில் ஆடி, இங்கே வாழ்ந்து, குடியுரிமை வாங்கி அந்தச் சட்டையைப் போட்டார். அவர் நம் கலவையில் சேர்ந்த கல். ஏழு பேர் விஷயம் அப்படியில்லை. வேறு தளத்தில் வார்த்த கட்டிக்கு நம்முடைய தேதியை எழுதி அனுப்பியதாகத்தான் தீர்ப்பு சொல்கிறது.

மற்ற மலேசியர்களைவிட நமக்கு இது வேறு மாதிரி வலிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் வளர்ந்தது கிள்ளானில். எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பாட்டி இருந்தார். தோட்டத்தில் பிறந்தவர். பிரசவம் பார்த்தது தோட்டத்து மருத்துவச்சி. யாரும் போய்ப் பதியவில்லை. கடைசிவரை சிவப்பு அடையாள அட்டைதான். ஓட்டுப் போட்டதே இல்லை. இந்த மாதிரிக் கதை இல்லாத தமிழ்க் குடும்ப வட்டம் இந்த நாட்டில் குறைவு. 2011இல் 'மைடாஃப்தார்' என்று ஒரு பதிவு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. பாட்டி எங்கே பிறந்தாள் என்பதற்கு ஒரு தாள் கிடைக்காமல் மூன்று தலைமுறை அலைந்த சமூகம் நாம். இங்கே நிஜமாகப் பிறந்த பாட்டிக்குத் தாள் இல்லை. இங்கே பிறக்காத தாத்தாவுக்குத் தாள் இருந்தது. ஏன் அவ்வளவு அவசரம்? கோல்கணக்கில் தெரியும் இடைவெளியைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரக்கமும் கதவடைப்பும் போலி ஆவணமும் ஒரே குடும்பம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மூன்றும் எண்ணைக் கண்டு கூசுகின்றன. ஒன்று எண்ணைக் குறைத்துக் காட்டுகிறது, ஒன்று எண் எழும் இடத்தையே மூடுகிறது, ஒன்று எண்ணைத் திருத்துகிறது.

*

அப்படியானால் 82–0 இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறாயா என்று கேட்கலாம். அந்த கோல் கீப்பரின் பக்கம் நின்று கேட்டால் இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை. 139 முறை. ஐஸ் ஹாக்கியில் அடி விழும், எலும்பு முறியும். தன் அளவுக்கு மீறிய ஆட்டத்தில் ஒருத்தியை நிறுத்துவது அவளுடைய உடம்புக்கே ஆபத்து. மரியாதை என்ற பெயரில் நாம் அதைச் சகித்துக்கொள்ளச் சொல்ல முடியாது.

இங்கேதான் 'விரிவாக்கம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உலகக் கிண்ணக் காற்பந்தை 2026இல் 32லிருந்து 48 அணிகளாக்கினார்களே, அது மேல்மேசையை நீட்டுவது. ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு நான்காம் பிரிவு தொடங்கியது கீழே ஒரு படி கட்டுவது. முதலாவது வகையில் பலமில்லாதவருக்குக் கிடைப்பது ஒரு அழைப்பிதழும் ஒரு பயங்கர எண்ணும். இரண்டாவது வகையில் கிடைப்பது தனக்குச் சமமான நாலைந்து எதிராளிகள், வென்றால் மேலே போக ஒரு வழி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் படியைத்தான் கேட்பேன்.

ஆனால் படி என்பதையும் அப்படியே நம்பிவிட எனக்கு முடியவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குப் புகுமுக வகுப்பு தெரியும். 2021இல் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர் தேர்வில் மலாய்மொழியில் தேறாத பிள்ளைகள் முதல் படிவம் போகுமுன் ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்த வகுப்பு. யோசனை நல்ல யோசனைதான்: இடைவெளி இருக்கிறது, அதை நேர்மையாக அளந்து, ஒரு வருஷம் கொடுத்து, சமமாக்கி அனுப்புவோம். என் வகுப்பிலிருந்து போனவர்களில் ஒருவன் அங்கே ஒரு நல்ல ஆசிரியரிடம் மாட்டினான். இன்று என்னைவிட நன்றாக மலாய் பேசுகிறான், எழுதுகிறான். இன்னொருவனின் வகுப்புக்குப் பாதி வருஷம் ஆசிரியரே சரியாக வரவில்லை. அவன் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டான். பெயர் ஒன்று, அறை ஒன்று. ஒருவனுக்கு அது படிக்கட்டு, இன்னொருவனுக்குப் பரண். வேண்டாத சாமானைக் கண்ணுக்குத் தெரியாமல் போட்டு வைக்கிற பரண்.

நான்காம் பிரிவும் அப்படித்தான் ஆகலாம். மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளை வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் கூட்டி ஆடவிட்டு, உறுப்பினர் எண்ணிக்கையைக் காட்டிக்கொண்டு, மற்ற 51 வாரமும் மறந்துபோனால் அது பரண். அதைப் படிக்கட்டாக வைத்திருப்பது எது? போட்டிக்குப் பிறகு நடப்பதுதான். பயிற்றுநர் வருகிறாரா, சிறுவர்களுக்குப் பனித்தளத்தில் நேரம் கிடைக்கிறதா, அடுத்த வருஷமும் அழைக்கிறார்களா. பலமுள்ளவர் பலமில்லாதவருக்குப் பட்டிருக்கும் கடனை ஆட்டத்தின் 60 நிமிடத்துக்குள் தேடியதுதான் நம் குழப்பம் என்று நினைக்கிறேன். அந்த 60 நிமிடத்தில் அவர் கொடுக்க வேண்டியது முழு ஆட்டம், அது மட்டும். மீதிக் கடன் முழுக்க விசில் ஊதிய பிறகு ஆரம்பிக்கிறது. கத்தாரில் அன்று மலேசியாவின் பயிற்றுநராக நின்றவர் கிம் பான்-கோன், ஒரு கொரியர். அவர் தன் நாட்டுக்கு எதிராக நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த விட்டுக்கொடுத்த கோலையும்விடப் பெரியது.

பலமில்லாதவருக்கும் ஒரு கடன் உண்டு. திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. எதிராளியின் வலிமையைத் தெரிந்துகொள்வதோடு தன் வலிமையையும் உள்ளபடி தெரிந்துகொள்வது அதில் அடக்கம். உள்ளபடி என்பதுதான் கஷ்டம். எண்ணைத் திருத்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

தாய்லாந்து அதைச் செய்தது. 1989இல் கூட்டமைப்பில் சேர்ந்து, 1998இல் 92–0 வாங்கிய நாடு, ஹாக்கியை விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2017இல் டாமன்சாரா பெர்டானாவில் அவர்கள் வெள்ளி வாங்கினார்கள், 2019 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம். கொரியாவை இன்னும் தாண்டவில்லை. 92க்கும் தங்கத்துக்கும் நடுவில் 21 வருஷம் மறுபடி மறுபடி வந்தார்கள், அவ்வளவுதான் கதை. பல்கேரியப் பெண்கள் அணியும் கலைந்துவிடவில்லை. பிறகு உலகப் போட்டியின் கீழ்ப்பிரிவுகளில் ஆடியது.

2008இல் அந்தச் சுற்றுக்கு, 15 கோல் வித்தியாசம் வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடும் ஒரு இரக்க விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 82 என்ற எண் வரலாற்றில் இருந்திருக்காது. பல்கேரியாவின் கோல் கீப்பர் நூறு அடிகளுக்கு மேல் தப்பித்திருப்பார். 192 என்பது 60ஆகச் சுருங்கியிருக்கும். குரோஷியாவோடு 30–1 ஆன ஆட்டமும் பாதியில் முடிந்திருக்கும். அந்த ஒரு கோல் அதற்கு முன்பே விழுந்திருக்கலாம், விழாமலும் போயிருக்கலாம்.

எனக்கு அந்த ஒன்று வேண்டும். அதற்காக 192ஐயும் எழுதி வைக்கத்தான் வேண்டும்.